முத்திரைச் சுருள்: வைப்பதா, செலவிடுவதா?

(வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் நம் சங்க அங்கத்தினர்களின் குடும்ப மகாநாட்டில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இம்மன்றத்திலே வழக்கமாக எடுத்துப் பேசப்படும் விஷயங்கள் கல்வி, தொழில், விவாகம், ஒற்றுமை என்பனவாம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ அவற்றின் முன்னே மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். காகிதத்தில் சுற்றி முத்திரையிடப்பட்ட ஒரு டாலர் நாணயச் சுருள்களைப் பெட்டியில் வைத்துக் காப்பதா, எடுத்துச் செலவிடுவதா என்பதே அது. ஆயினும் சென்ற சில வருஷங்களில் இக்கேள்வியை நம்மிடம் கேட்ட குடும்பங்கள் ஒன்றல்ல, பல. இந்நாட்டில் குடியேறிய நம்மவருள் பலர் 2007-ஆம் வருஷம் முதல் இச்சுருள்களை ஆசையோடு வாங்கி அடுக்கினர். வாங்கியவர்களுக்கு இப்பொழுது வயதாகிவிட்டது, சிலர் காலஞ்சென்றனர். பெட்டி மட்டும் அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. அதைத் திறக்க ஒருவர் சொல்ல, திறக்கலாகாதென்று மற்றொருவர் சொல்லக் குடும்பத்தில் மனத்தாங்கல் எழுகின்றது. ஆதலின் இதனைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

பெயர் கூறாமல் ஒரு குடும்பத்தின் நிலைமையை முதற்கண் தெரிவிக்கின்றோம். கணவரை இழந்த ஓர் அம்மையார், மக்கள் மூவர். காலஞ்சென்ற கணவர் வைத்துச்சென்ற சுருள்கள் 40. சுருள் ஒன்றுக்கு நாணயம் 25 ஆக, மொத்தம் 1000 டாலர். மூத்த மகன், "அம்மா, இவற்றை பாங்கில் கட்டிவிடுவோம்" என்கிறான். நடு மகள், "அப்பா நமக்காகச் சேர்த்தது, ஒன்றையும் தொடக்கூடாது, ஒரு காலத்தில் பெருவிலை பெறும்" என்கிறாள். இளைய மகளின் கலாசாலைச் சம்பளத்துக்காக அம்மையார் கடன் அட்டையில் வாங்கிய கடனோ, நூற்றுக்கு 20-க்கு மேற்பட்ட வருஷ வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கின்றது. அம்மையார் நம்மிடம் கேட்டது இதுவே: "அவர் வைத்ததைச் செலவழித்தால் நான் அவருக்குத் துரோகம் செய்தவள் ஆவேனா?" இதற்கு விடை கூறுமுன், இந்நாணயங்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்தல் அவசியமாகும்.

இந்நாட்டார் டாலர் நாணயத்தைப் புழக்கத்தில் கொண்டுவரப் பலமுறை முயன்றிருக்கின்றனர். 1971 முதல் 1978 வரை ஐசனோவர் உருவந்தாங்கிய பெரிய டாலர் வெளிவந்தது. கனமும் பருமனும் மிக்க அதனை ஜனங்கள் பையில் சுமக்க விரும்பவில்லை. பின்னர் 1979-இல் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட சூசன் பி. ஆந்தனி அம்மையாரின் உருவத்தோடு சிறிய டாலர் அடிக்கப்பட்டது. அவ்வொரு வருஷத்தில் மாத்திரம் அடிக்கப்பட்டவை 75 கோடிக்கு மேல். நிறத்திலும் அளவிலும் அது கால் டாலரை ஒத்திருந்தமையால் கடைக்காரரும் வாங்குவோரும் மயங்கினர். நாணயம் நிலவறைக்கே திரும்பிற்று. 2000-இல் சாகாஜவேயா என்னும் பழங்குடிப் பெண்மணி தன் குழந்தையைச் சுமந்து நிற்கும் பொன்னிற டாலர் வெளிவந்தது. முதல் வருஷத்தில் 128 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டும் அதுவும் கடைத்தெருவில் நிலைக்கவில்லை.

பொன்னிறம் என்றோமேயன்றிப் பொன் என்றோமில்லை. இதனை நம் தாய்மார் கவனிக்க வேண்டும். அந்நாணயத்தின் நடுவில் இருப்பது செம்பு. மேற்பூச்சாக இணைத்திருப்பது மாங்கனீசு கலந்த பித்தளை. நூற்றுக்கு 88.5 பங்கு செம்பு, 6 பங்கு துத்தநாகம், 3.5 பங்கு மாங்கனீசு, 2 பங்கு நிக்கல். எடை 8.1 கிராம். உருக்கினால் கிடைக்கும் உலோகத்தின் விலை ஒரு டாலரில் மிகச் சிறு பங்கே. நம் நாட்டுப் பழக்கத்தால், மஞ்சளாய் மின்னுவதைக் கண்டவுடன் அதைப் பெட்டகத்திற்குரிய பொருள் என எண்ணிவிடுகின்றோம். இம்மயக்கத்தை முதலில் நீக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

2005-ஆம் வருஷம் டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மறைந்த ஜனாதிபதிகளின் உருவங்களை அவர்கள் பதவி வகித்த வரிசையிலே வருஷத்துக்கு நால்வராக நாணயத்தில் பொறிக்கலாயினர். முதல் நாணயமாகிய ஜார்ஜ் வாஷிங்டன் டாலர் 2007 பிப்ரவரி 15-இல் வெளிவந்தது. நம்மவர் பலர் வாங்கியது இவ்வரிசையே. வாஷிங்டன் நாணயம் மாத்திரம் பிலடெல்பியா, டென்வர் ஆகிய இரு நாணயச்சாலைகளிலும் சேர்த்து 34 கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது.

ஆனால் ஒரு டாலர் நோட்டை நிறுத்தாமல் அதே மதிப்புள்ள நாணயத்தை வெளியிட்டால் மக்கள் எதைக் கையாளுவர்? இலேசான நோட்டையே கையாளுவர். பக்கத்து நாடாகிய கனடா 1987-இல் டாலர் நாணயத்தை வெளியிட்டு, 1989-இல் டாலர் நோட்டு வழங்குவதை நிறுத்திற்று. அங்கே நாணயம் நிலைத்தது. இங்கே நோட்டு நிற்கவில்லை. ஆதலின் நாணயம் ஓடவில்லை. வெளியே சென்றவற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு பாங்குகளின் வழியாக மத்திய ரிசர்வ் நிலவறைகளுக்குத் திரும்பி வந்தது. 2011 டிசம்பரில் சுமார் 140 கோடி டாலர் நாணயங்கள் நிலவறைகளில் உறங்கிக்கொண்டிருந்தன. அம்மாதத்திலேயே பொதுப் புழக்கத்திற்கென அவற்றை அடிப்பதைக் கருவூல மந்திரி நிறுத்திவைத்தார். 2012 முதல் இவ்வரிசை நாணயங்கள் சேகரிப்போருக்கென மட்டும், முகமதிப்புக்கு மேற்பட்ட விலைக்கு விற்கப்பட்டன. 2016-இல் ரீகனோடு வரிசை நின்றது. 2020-இல் மூத்த புஷ் அவர்களின் நாணயம் சேர்க்கப்பட்டது.

இடையிலே நடந்ததொரு வேடிக்கையையும் கூறவேண்டும். நாணயத்தைப் பரப்பும் நோக்கத்தோடு 2008 முதல் நாணயச்சாலையார் 250 டாலர் கொண்ட பெட்டியை அதே 250 டாலர் விலைக்கு, அனுப்புங் கூலியின்றி வீட்டிற்கே அனுப்பினர். சிலர் கடன் அட்டையால் ஆயிரக்கணக்கில் வாங்கி, வந்த பெட்டியை அப்படியே பாங்கில் கட்டி, அட்டையின் மூலம் விமானப் பிரயாணச் சலுகைகளை இலவசமாகச் சம்பாதித்தனர். இதனை அறிந்த நாணயச்சாலையார் 2011 ஜூலையில் கடன் அட்டை வாங்குவதை நிறுத்தினர். நம் சகோதரர் அபூர்வப் பொருளென்று அலமாரியில் பூட்டிவைத்த அதே சுருள்களை, பிறர் மூட்டை மூட்டையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இதனால் அறியலாம்.

அப்படியாயின் பழைய நாணயங்கள் பெருவிலை பெறுவது பொய்யோ எனின், பொய்யன்று. விலை வயதினால் வருவதன்று, அருமையினால் வருவது. அருமையும் நிலவறையைத் திறக்கும் வரையில்தான் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1903-இல் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட வெள்ளி டாலர் மிக அரிதென்று கருதப்பட்டு, 1962-இல் புதுக்கருக்கு அழியாத ஒன்றுக்கு 1500 டாலர் வரை விலை மதிக்கப்பட்டிருந்தது. அவ்வருஷத்திலேயே கருவூலத்தில் கிடந்த பழைய மூட்டைகள் வெளிவந்தன. அம்மூட்டைகளில் அதே நாணயம் ஆயிரக்கணக்கில் இருக்கக் கண்டார்கள். விலை சரிந்து சில பத்து டாலர்களில் வந்து நின்றது. நிலவறையில் கோடிக்கணக்கில் நாணயம் கிடக்குமளவும், ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒரு சுருள் கிடக்குமளவும், அதற்குப் பெருவிலை கொடுப்பார் யார்?

இனி மறைவாக நேரும் நஷ்டத்தைக் கணக்கிடுவோம். 2007-இல் 1000 டாலருக்குக் கிடைத்த பண்டங்களை 2024-இல் வாங்க ஏறக்குறைய 1500 டாலர் வேண்டியிருந்தது. அதாவது பெட்டியில் வைத்த ஆயிரம் ஆயிரமாகவே இருக்க, அதன் வாங்குந் திறன் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிட்டது. அதே ஆயிரத்தை நூற்றுக்கு 4 வட்டி வரும் இடத்தில் போட்டு வட்டிக்கு வட்டி சேரவிட்டிருந்தால் 18 வருஷத்தில் இருமடங்காயிருக்கும். கள்வன் வரவில்லை, பூட்டு உடையவில்லை, ஆனால் பெட்டிக்குள்ளிருந்தே பணம் குறைந்திருக்கின்றது. வியாபாரத்தில் பழகிய நம் முன்னோர், கிடையில் கிடக்கும் சரக்கை ஆதாயமாக ஒருபோதும் எண்ணியதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இக்கணக்கை மறத்தல் ஆகாது.

எல்லாச் சுருளையும் கண்ணை மூடிக்கொண்டு செலவிட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவரவில்லை. விலக்குகள் உண்டு, அவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

முதலாவது, வெள்ளி டாலர்கள். 1878 முதல் 1904 வரையும் 1921-இலும் அடிக்கப்பட்ட மார்கன் டாலரும், 1921 முதல் 1935 வரை அடிக்கப்பட்ட சமாதான டாலரும் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. இவற்றின் சுருள் 20 நாணயங்கொண்டது; அதிலுள்ள சுத்த வெள்ளி ஏறக்குறைய 481 கிராம். இவற்றை ஒரு டாலர் மதிப்பில் கொடுப்பவர் பாலைக் கொடுத்து மோரை வாங்குபவராவர்.

இரண்டாவது, நாணயச்சாலையாரே தனிக் காகிதத்தில் சுற்றி, ஜனாதிபதியின் பெயரும் நாணயச்சாலையின் அடையாள எழுத்தும் அச்சிட்டு விற்ற சுருள்கள். 25 டாலர் கொண்ட இவை தொடக்கத்தில் சுமார் 35 டாலர் விலைக்கு விற்கப்பட்டன. 2012-க்குப் பிந்தியவை எண்ணிக்கையில் குறைந்தவை. இவற்றைச் சேகரிப்போர் முகமதிப்புக்குச் சற்று மேலே வாங்குவர். ஆனால் நாம் கொடுத்த விலை திரும்பி வருமென்பது நிச்சயமில்லை.

மூன்றாவது, பிழையுள்ள நாணயங்கள். ஜனாதிபதி டாலரின் வருஷமும் அடையாள எழுத்தும் நாணயத்தின் விளிம்பிலே பொறிக்கப்பட்டிருக்கும். முதல் வாஷிங்டன் நாணயங்களிற் சில விளிம்பெழுத்துப் பொறிக்கப்படாமலே வெளிவந்துவிட்டன. அவற்றின் தொகை 50,000-க்கு மேலிருக்கலாமென நிபுணர்கள் மதித்தார்கள். முதலில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விலைபோன அவை, மேன்மேலும் அகப்பட அகப்பட இறங்கின. எனினும் இன்றும் ஒரு டாலரினும் பன்மடங்கு பெறும். அங்ஙனமே 1979-இல் பிலடெல்பியாவில் அடித்த ஆந்தனி டாலருள், வருஷ இலக்கம் விளிம்பை நெருங்கியிருக்கும் வகை அதிக விலை பெறுவது. சாகாஜவேயா டாலரில் 5500 நாணயங்கள் ஒரு தானிய உணவுப் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்டன. அவற்றுள் கழுகின் வாலிறகு நுட்பமாகச் செதுக்கப்பட்டவை பெருவிலையுடையன. இது சாதாரணச் சுருளில் அகப்படுவதன்று.

விளிம்பெழுத்து ஒரு நாணயத்தில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் இருப்பதைப் பிழையென்று சொல்லி விற்பாரும் உளர். அது பிழையன்று, நாணயங்கள் எப்பக்கமாக வீழினும் அப்படியே எழுத்துப் பொறிக்கும் இயந்திரத்தின் இயல்பு. விளிம்பை அராவி எழுத்தில்லாததாகக் காட்டும் மோசமும் நடந்திருக்கின்றது. இனிப் "பிரிக்கப்படாத சுருள்" என்று மிகுவிலை சொல்லும் வியாபாரத்தைப் பற்றி என்னென்பது! காகிதத்தைச் சுற்றி நுனியை மடிக்கும் கருவி எவரும் வாங்கக்கூடியது. முத்திரையிருப்பதனால் உள்ளிருப்பது யாரும் பாராதது என்று ஆகிவிடாது.

இங்கேதான் சுவையான சிக்கல் ஒன்று எழுகின்றது. பிழை இருக்குமிடம் விளிம்பு. சுருளில் காகிதம் மூடியிருப்பதும் விளிம்பையே. ஆகவே பிரிக்காமல் பிழையை அறிய வழியில்லை. பிரித்தாலோ "பிரியாத சுருள்" என்னும் பெருமை போய்விடுகின்றது. பலர் இந்த இரண்டுக்கும் நடுவே நின்று வருஷங்களைப் போக்குகின்றனர். நம் அபிப்பிராயம் வெளிப்படை. பாங்கிலிருந்து வந்த சாதாரணச் சுருளின் முத்திரைக்குக் கிடைக்கும் விலை மிக அற்பம். அதை இழக்க அஞ்சவேண்டுவதில்லை. வாஷிங்டன் சுருளாயின் ஒரு நாள் மாலையில் குழந்தைகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அகப்பட்டால் ஆதாயம்; அகப்படாவிடில் ஐயம் தீர்ந்ததே ஆதாயம். அறியாமல் வைத்திருக்கும் ஆசை ஒரு சொத்தாகாது.

காப்பவர்க்கு வேறு சில கவலைகளும் உண்டு. வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் ரொக்கத்துக்கும் நாணயத்துக்கும் பெரும்பாலும் மிகச் சிறு தொகையே ஈடாக வரையறுக்கப்பட்டிருக்கும். பாங்கின் பெட்டகத்தில் வைத்தால் வாடகை; பெட்டகத்திலுள்ள பொருளுக்கு அரசாங்க வைப்புக் காப்புறுதி இல்லை. பெருலாபத்திற்கு விற்றால், நெடுநாள் வைத்திருந்த சேகரப் பொருளின் லாபத்திற்கு மத்திய அரசாங்கத்தின் வருமான வரி நூற்றுக்கு 28 வரை செல்லும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. பயமோ பெரிது, கனமோ செம்பு.

பழைய நாணயம் செல்லாமற் போய்விடுமோ என்று சிலர் நடுங்குவர். 2016 நவம்பரில் நம் நாட்டில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாதனவானதைக் கண்டவர்களுக்கு அவ்வச்சம் இயல்பே. இந்நாட்டில் இந்த டாலர் நாணயங்கள் அனைத்தும் இன்றளவும் சட்டப்படி செல்லத்தக்கவை. அச்சத்தால் அவசரப்பட வேண்டா. அதேபோல் அச்சமில்லை என்பதற்காக உறங்கவும் வேண்டா.

செலவிடுவதெனின் எவ்வாறு செலவிடுவது? சுருளைப் பிரியாமலே தன் கணக்குள்ள பாங்கில் கட்டுதல் எளிது. சில கிளைகள் சுருளை ஏற்கச் சுணங்கக்கூடுமாதலால் முன்னரே கேட்டுக்கொள்ளுதல் நலம். கடையில் கொடுத்தால் சிறுவயதுக் கணக்கர் விழிப்பார். பொறுமையாக ஒரு டாலர் என்று சொல்லிக் கொடுக்கலாம். பல் விழுந்த குழந்தையின் தலையணைக்கீழ் தேவதை வைத்ததாகக் காசு வைப்பது இந்நாட்டு வழக்கம். அதற்குப் பொன்னிற டாலரைப் போலப் பொருத்தமானது வேறில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றபடி, எந்த வழியிற் செலவிட்டாலும் முன்னதாக ஒரு குறிப்புப் புத்தகத்தில் வருஷம், உருவம், நாணயச்சாலை, சுற்றியவர் யார், எத்தனை சுருள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்த அம்மையாரின் வீட்டிற்கு வருவோம். நாம் அவர்கள் மக்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 40 சுருளையும் குறித்தோம். 31 சுருள்கள் 2007 முதல் 2011 வரையிலான சாதாரண பாங்குச் சுருள்கள். 4 வாஷிங்டன் சுருள்கள். 3 நாணயச்சாலையாரின் தனிக் காகிதத்தில் உள்ளவை. ஒன்று 1979 ஆந்தனி. கடைசி ஒன்றின் மேல் மட்டும் காலஞ்சென்றவர் தம் கையால் தமிழில் இளைய மகளின் பெயரையும் அவள் பள்ளியில் முதன்முதல் சேர்ந்த தேதியையும் எழுதியிருந்தார்.

31 சுருளும் பிரியாமல் பாங்குக்குச் சென்றன. வாஷிங்டன் சுருள் நான்கையும் பிள்ளைகள் பிரித்தனர். 100 நாணயங்களின் விளிம்பையும் விளக்கொளியில் பார்த்தனர். நடு மகளின் கைதான் மிக மெதுவாகச் சென்றது. ஒன்றிலும் பிழையில்லை. ஆளுக்கொன்றாக மூன்றை எடுத்துக்கொண்டு 97-ஐப் பாங்குக்குச் சேர்த்தனர். ஆந்தனி சுருளிலும் அரிய வகை இல்லை, அதுவும் சென்றது. ஆக 897 டாலர் கடனுக்குக் கட்டப்பட்டது. அதனால் மிஞ்சும் வட்டி வருஷத்திற்கு ஏறக்குறைய 180 டாலர். தனிக் காகிதச் சுருள் மூன்றும் ஒரு சேகரிப்பாளருக்கு விற்கப்பட்டன. கொடுத்த விலை வரவில்லை, முகமதிப்புக்குச் சற்று மேலே வந்தது. கையெழுத்துள்ள சுருளை மாத்திரம் ஒருவரும் தொடவில்லை. அதை எடுத்து நடு மகள் தன் தங்கையின் கையில் கொடுத்தாள். "இதை நீ வைத்துக்கொள், இது 25 டாலர் அன்று" என்றாள். எல்லாவற்றையும் வைக்கவேண்டும் என்று வாதாடியவள் அவளே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அம்மையாரின் கேள்விக்கு நாம் சொன்ன விடையை இங்கும் சொல்லி முடிக்கின்றோம். "அம்மா! உங்கள் கணவர் சேர்த்தது செம்பையன்று. பிள்ளைகளுக்கு ஒரு துன்பம் வந்தால் உதவ வேண்டும் என்னும் எண்ணத்தைச் சேர்த்தார். துன்பம் வந்தது, அது உதவிற்று. இதில் துரோகம் எங்கே?"

சகோதர சகோதரிகளே! பெட்டியிலுள்ள சுருளை இரண்டாகப் பிரியுங்கள். பிறர் விலை கொடுக்கத்தக்கது எது, நம் மனம் மாத்திரம் விலை மதிக்கத்தக்கது எது என்று காணுங்கள். முன்னதை விசாரித்து விற்கலாம். பின்னதை ஒன்றோ இரண்டோ போற்றி, அதன் கதையையும் எழுதி உடன் வையுங்கள். கதையில்லாத சுருள் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் காசே. இரண்டிலும் சேராத மற்றவை கடனடைக்கவும், கல்விக்கும், நோய்க்கும் போகட்டும். இம்முடிவைப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். புதையல் காத்த பூதத்தின் வேலையை நம் மக்களுக்கு விட்டுச்செல்ல வேண்டா.

நம் பாஷையில் நாணயம் என்னுஞ் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னது கைமாறினாற்றான் பயன். பின்னது கைவிடாதிருந்தாற்றான் பயன். எதை விடுவது, எதை வைப்பது என்பதை இவ்வளவில் உங்கள் ஆலோசனைக்கு விட்டு அமர்கின்றோம்.